நிறுத்தும் கைக்கு நான்கு விரல்

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

பீளமேட்டில் உங்களுக்கு விருது கொடுத்த விழாவுக்கு நானும் வந்திருந்தேன். கடைசி வரிசை. முப்பது வருஷத்துக்கு முன்னால் தறியை ஓட்டும் கம்ப்யூட்டரின் திரைக்காக நான் வரைந்த, 'நிறுத்து' என்று காட்டும் சின்னக் கைப் படத்தை உங்கள் படைப்பென்று பெரிதாகக் காட்டினார்கள். பிரிந்துபோன மனைவியின் பெயரை மேடையில் யார் சொல்வார்கள்? அது பழகிவிட்டது.

ஆனால் ஒரு பெண் எழுந்து, "ஏனுங்க, அந்தக் கைக்கு ஏன் நாலே விரலுங்க?" என்று கேட்டாள். நீங்கள் மைக்கைக் கிட்டே இழுத்து, "சோமனூர்ல தறியில விரலைப் பறிகொடுத்த ஒருத்தருக்காகத்தானுங்க" என்றீர்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

அப்படி யாரும் இல்லை. திரையில் அந்தப் படத்துக்குக் கிடைத்த பதினாறுக்குப் பதினாறு புள்ளிக் கட்டத்துக்குள் ஐந்து விரல் அடங்கவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் அழித்து அழித்து வரைந்தேன். நான் பார்த்து வரைவதற்காகச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்திருந்தது உங்கள் இடது கை. "மரத்துப்போச்சு அம்மணி, வெரசாப் போடு" என்றீர்கள்.

படம் யாருடையது என்பதை மறந்தீர்கள், சரி. கை யாருடையது என்பதையுமா?

இனி யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அதை வரைந்தவள்