பூஜைக்கு அணைத்து வைத்த கம்ப்யூட்டர்கள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
புதன்கிழமை இரவு

அன்புள்ள கவி அண்ணாவுக்கு,

தர்ஷினி எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போகிறாள், நான் பள்ளிக்கூடம் போகிறேன், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறோம். ஓசூரில் நீ எங்கே படுக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று எதுவும் தெரியவில்லை. உன் போனைப் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டதால் கேட்கவும் வழியில்லை. என்னோடு படிக்கும் பிரிஸில்லாவின் அப்பா ஓசூர் பஸ் ஓட்டுகிறார் அல்லவா, அவரிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவாள். அவள் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துச் செய்திகளைச் சொல்கிறேன், உனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். பெல் இன்னும் தானாக அடிப்பதில்லை. பள்ளிக்கூடத்தின் பெயரோடு சர்வரின் பெயரையும் மாற்றினார்கள் அல்லவா, பெல் அடிக்கும் கம்ப்யூட்டர் அதைப் பழைய பெயரிலேயே தேடுகிறது. அந்தப் பெயரில்தான் இப்போது யாருமே இல்லையே. வாட்ச்மேன் நாகேஷ் அங்கிள் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் கம்பியால் அடிக்கிறார். 'குளோபல் ஸ்கூல் ஆயிடுச்சில்லமா, குளோபல் பூரா கேக்கட்டும்' என்று சொல்லிச் சொல்லி அடிக்கிறார். ஆபீஸ் பிரிண்டரில் போட்டது வெளியே வருவதில்லை. லேப் கம்ப்யூட்டர்கள் காலையில் திறப்பதற்குள் முதல் பீரியடில் பாதி போய்விடுகிறது.

கம்ப்யூட்டர் இன்சார்ஜ் ராஜேஷ்குமார் சார் லேபில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் புதுப் பெயரில் சேர்த்துவிட்டார். மிச்சத் தவறுகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. போன வாரம் என்னை லேபுக்குக் கூப்பிட்டார். 'உங்கண்ணன் உனக்கும் சொல்லிக் குடுத்திருப்பான்ல? எங்க என்ன வெச்சிட்டுப் போயிருக்கான்னு பாரும்மா' என்றார், ஏதோ நீ வெடிகுண்டு வைத்துவிட்டுப் போன மாதிரி. நான் தயங்கியதும் சிரித்துக்கொண்டே, 'எஸ்எஸ்எல்சி முடிஞ்சதும் கேரக்டர் சர்டிபிகேட் வேணும்ல' என்றார். வேறு வழியில்லை. உட்கார்ந்தேன்.

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. லாகின் ஆகும்போது தானாக ஓடுமே, அந்தச் சின்ன ஸ்கிரிப்ட், அதற்குள் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தினமும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அலுத்துப்போன பிறகுதான் திறக்கிறது. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். நான் அதை மூடிவிட்டு 'ஒன்னும் தெரியல சார்' என்றேன். தினமும் காலையில் பிரின்சிபால் காந்தா மேடம் அவரைத் திட்டுவது வராண்டா வரை கேட்கிறது. எனக்கு அது சூடாகக் காபி குடித்த மாதிரி இருக்கிறது. நீ கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள்.

அந்த ஆயுத பூஜையை நான் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். லேப் முழுவதும் துடைத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நீதான் சந்தனம் வைத்தாய், நான் குங்குமம் வைத்தேன். செவ்வந்திப் பூ போட்டு எல்லா சுவிட்சையும் அணைத்தோம். விஜயதசமி ஆரத்தி ஆகும்வரை யாரும் எதையும் போடக் கூடாது என்று காந்தா மேடம் வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான் ராஜேஷ்குமார் சார் வந்து, டிரஸ்டி விஜயதசமிக்குள் புதுப் பெயர் வேண்டும் என்கிறார், சர்வர் பெயரை இப்போதே மாற்றப்போகிறேன் என்றார். நீ படித்துப் படித்துச் சொன்னாய். பெயர் மாறும்போது எல்லா கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மாறியதும் இரண்டு தடவை ரீஸ்டார்ட் ஆக வேண்டும், அப்போதுதான் அதற்குப் புதுப் பெயர் தெரியும், அணைந்து கிடப்பவை எழுந்ததும் பழைய பெயரைத்தான் தேடும் என்று சொன்னாய். 'நீ டிப்ளமோ, நான் எம்டெக். பூஜை பொரிய வாங்கிக்கினு வீட்டுக்குப் போ' என்றார். 'செய்ங்க சார், அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க' என்று நீ கத்தினாய். அதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளன்று அவர் அறையிலும் பிரின்சிபால் அறையிலும் கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக வேலை செய்தன. பூஜையன்று இரவு அந்த இரண்டை மட்டும்தான் அவர் போட்டு வைத்திருந்தார். லேபில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. லேப் அசிஸ்டென்ட் என்பதால் லேப் சாவி உன்னிடம் இருந்தது. 'கோவத்துல ஒவ்வொரு சிஸ்டமா ஒக்காந்து கெடுத்துட்டான் மேடம்' என்று சொல்லி, எங்கள் அசெம்பிளி வரிசைக்கு முன்னால் உன் கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றினார். கயிறு உன் காதில் மாட்டிக்கொண்டதும் இழுத்தார். உன் காது சிவந்து போனதை நான் பார்த்தேன். அம்மா பயந்து உன்னை ஓசூருக்கு அனுப்பியதும், ஓடிவிட்டான், அப்படியென்றால் செய்திருக்கிறான் என்று முடிவே செய்துவிட்டார்கள். என்னை இப்போது வகுப்பில் 'வைரஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'ஏய் வைரஸ், பக்கத்துல ஒக்காராத, என் கால்குலேட்டர் கெட்டுப் போயிடும்.'

இனிதான் முக்கியமான விஷயம். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. டிரஸ்டி கிருஷ்ணப்பா சார் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்திப் பெரிய திரையில் புதுப் பெயரைத் திறந்து வைக்கப் போகிறார். அந்த ஹால் கம்ப்யூட்டர் உனக்கு நினைவிருக்கிறதா? பூஜையன்று காலை சந்தனம் வைத்ததும் காந்தா மேடம் தன் கையாலேயே இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கைப்பையை விட்டு வெளியே வருவதில்லை. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அதுவும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது அண்ணா. எழுந்ததும் அதுவும் பழைய பெயரைத்தான் தேடும். நீ தொட்டிருக்கவே முடியாத ஒரு கம்ப்யூட்டர் அதே தவறைக் காட்டினால், லேபில் இருந்ததைக் கெடுத்தது யார்?

ராஜேஷ்குமார் சாருக்கு அது ஞாபகமே இல்லை. ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, 'அதுல என்ன இருக்கு, ஒரு கிளிக்' என்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மேடத்திடம் தனியாகப் போய்ச் சொல்லலாம்தான். தனியாகச் சொன்னால் தனியாகவே மூடிவிடுவார்கள். உன் கார்டை எல்லோர் முன்னாலும் அல்லவா கழற்றினார்கள்?

அம்மாவிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். 'வாய மூடிக்கினு இருடீ. நானும் அங்கதான் ஆயா வேல பாக்கறேன். பரீட்ச முடியறவரைக்கும் தலையக் குனிஞ்சிக்கினு போ' என்றாள். நான் குனியப் போவதில்லை. எனக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை,
தர்ஷினி


லிங்கராஜபுரம்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதல் கடிதம் கைக்கு வந்ததா? பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை. நடந்துவிட்டது.

ஹால் நிறைந்திருந்தது. நாட்டியம் எல்லாம் முடிந்ததும் காந்தா மேடம் பீரோவைத் திறந்தார். கம்ப்யூட்டரின் மேல் அந்தச் செவ்வந்தி காய்ந்து பொடியாகிக் கிடந்தது. மேடம் அதைப் பக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கிருஷ்ணப்பா சார் பட்டனை அழுத்தினார். பெரிய திரையில் 'வித்யாலயா' என்று பழைய பெயர் வந்தது. ராஜேஷ்குமார் சார் ஓடிப்போய் பாஸ்வேர்டு போட்டார். இந்தக் கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நம்பிக்கை அறுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் வந்தது. லேபில் வந்த அதே வரி, எழுத்து மாறாமல், சுவர் அளவுக்கு. மறுபடி போட்டார். மறுபடியும் அதே. பின் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அவர் மைக்கைப் பிடித்து, 'மன்னிக்கணும், போன ஸ்டாஃப் ஒருத்தர் பண்ணிட்டுப் போன வேலை இது, இன்னும் தீரல' என்றார். அதைத்தான் அவர் சொல்ல வேண்டும் என்று நான் இரண்டு நாளாகக் காத்திருந்தேன். எழுந்து நின்றேன். 'மேடம், அந்த பீரோ சாவி பூஜையிலிருந்து யார்கிட்ட இருந்துச்சு?' என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மேடம் யோசிக்காமல், 'என்கிட்டதான், வேற யார்கிட்ட?' என்றார். 'அப்ப எங்கண்ணன் இதை எப்ப மேடம் கெடுத்தாரு?'

'பேரு மாத்தினப்ப லேப் மாதிரி இதுவும் ஆஃப் ஆகித்தான இருந்துச்சு?' என்றும் சேர்த்துக் கேட்டேன். மேடம் கையில் இருந்த சாவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு ராஜேஷ்குமார் சாரைப் பார்த்தார். 'ஏனிது ராஜேஷ்?' என்று, என்ன இது என்று, கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார். 'மேடம், அது வந்து டெக்னிகலா...' என்றார். 'டெக்னிகல் எல்லா பேடா, வேணாம். என் சாவிய நான் யாருக்கும் குடுக்கல. பூஜையன்னிக்கு ஆஃப் ஆகி இருந்துச்சு, அதனாலயா? ஹௌதா, ஆமாவா, இல்லையா?' என்றார். மைக் போட்டபடியே இருந்தது. அவர் 'ஆமா மேடம்' என்று சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது. அவர் காது சிவந்துபோய் இருந்தது. அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

இன்று காலை அவர் மனைவி வித்யாலட்சுமி வீட்டுக்கு வந்திருந்தார். கைக்குழந்தையோடு வந்து, 'வேணும்னு பண்ணலம்மா அவரு, தெரியாம பண்ணிட்டு, வேல போயிடும்னு பயந்துதான் உங்க பையன் பேர சொல்லிட்டாரு' என்று அழுதார். அம்மாவும் சேர்ந்து அழுதாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழந்தை அழகாக இருந்தது. அதற்காக நான் மாற மாட்டேன்.

மேடம் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். போலீஸில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிவிடுகிறார்களாம். நீ ஒருநாள் பின் கேட் வழியாக வந்து மிச்சத் தவறுகளையெல்லாம் சரிசெய்து கொடுக்க வேண்டுமாம். பிறகு வேலையைப் பற்றி யோசிப்பார்களாம். 'பெரிசு பண்ண வேணாம் கோமளம்' என்றாராம். அம்மா தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அண்ணா, ஒப்புக்கொள்ளாதே. புகாரைத் திரும்ப வாங்கிய தாள் உன் கைக்கு வரட்டும். அதுவரை அந்த ஒரு வரியை யாருக்கும் காட்டாதே, நானும் காட்ட மாட்டேன். நாகேஷ் அங்கிள் தண்டவாளத்தையே அடித்துக்கொண்டிருக்கட்டும். நீ முன் கேட் வழியாக வா, அசெம்பிளி நேரத்தில் வா. உன் ஐடி கார்டை ராஜேஷ்குமார் சார் தன் கையாலேயே, அதே இடத்தில், எங்கள் வரிசை முன்னால் உன் கழுத்தில் மாட்ட வேண்டும். நீ நல்லவன், பாவம் என்று விட்டுவிடுவாய். இந்த ஒரு தடவை விடாதே. அவர் குனிந்து மாட்டுவதை நான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம்கூட. எனக்கு ரொம்பத் தைரியம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஹாலில் நான் எழுந்து நின்றபோது பயத்தில் என்னை அறியாமல் ஒன்றுக்குப் போய் என் யூனிஃபார்ம் நனைந்துவிட்டது. பிரிஸில்லா தன் ஸ்வெட்டரை என் இடுப்பில் சுற்றிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ராஜேஷ்குமார் சார் அங்கேதான் இருப்பார். முதல் பஸ்ஸில் வந்துவிடு அண்ணா. நீ ஒன்றும் பேச வேண்டாம், கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தால் போதும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
தர்ஷினி