அப்பாவின் முறைப்பு

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிட்டு மேலே போக இந்தத் தடவை முடியவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறி வருகிறார்.

நீ கிளம்புவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். வேலைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற பேச்சு முற்றி, அப்பா உன்னையே வெறித்துப் பார்த்து, நீ போனால்தான் எனக்கு இந்த வீட்டில் தூக்கம் வரும் என்றார். முறைக்காதீங்கப்பா என்று சொல்லிவிட்டு நீ தட்டை நகர்த்தி எழுந்தாய். அதிலிருந்து என்னோடு மட்டும்தான் பேசுகிறாய். நீ போய்விட்டாய், அவருக்குத் தூக்கம் மட்டும் வரவில்லை. குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு வேர்த்து உட்கார்ந்திருப்பார். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. மகள் போன ஏக்கம் என்று நானும், வயசுக் கோளாறு என்று பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தோம். தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலோ, ஸ்க்ரூ விரலில் நிற்காமல் விழுகிறது என்று ஸ்க்ரூடிரைவரை மாற்றினார். இமைமுடி கண்ணாடியில் உரசுகிறது என்று தன் ஃபிரேமை வளைத்து முன்னால் தள்ளிக்கொண்டார். அடுத்தவர் கண்ணைப் பார்த்தே பிழைக்கிற மனுஷனுக்குத் தன் கண் பிதுங்குவது தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

வாரம் ஒருமுறை கடைக்கு வரும் கண் டாக்டரம்மாதான் பிடித்தார். தண்ணீர் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கழுத்தையே பார்த்தாராம். அவர் அனுப்பிவைத்த டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது, கண் பிதுங்குவதும் அதனால்தான் என்றார். உன் சித்திக்குச் சுரப்பு குறைவு, இவருக்கு நேர் எதிர். படபடப்புக்கு ஒரு மாத்திரை, சுரப்பை அடக்க ஒரு மாத்திரை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அந்தச் சுரப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எரிச்சலும் கோபமும்கூட இந்த நோயின் குணம் என்று அவர் சொன்னபோது என் மனசு லேசானது. பாப்புவிடம் சொல்லிவிடுகிறேன், எல்லாம் தைராய்டு செய்த வேலை என்று, என்றேன். அப்பா மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, "முறைச்சது வியாதி. சொன்னது நான். அதையும் சேர்த்து எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். எதுவரை நோய், எங்கிருந்து மனுஷன் என்று கோடு கிழிக்க எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பது உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். இந்தப் பார்சலில் நீ விட்டுப்போன கண்ணாடி இருக்கிறது. தளர்ந்திருந்த ஸ்க்ரூவை அப்பாவே முடுக்கினார், கை நடுங்கவில்லை. இப்போது தூக்கமும் வருகிறது. கண் மட்டும் பழையபடி ஆக நாளாகுமாம், முழுக்க ஆகுமா என்றும் சொல்வதற்கில்லையாம். என்றைக்காவது வீடியோவில் கூப்பிட்டால் முறைப்பது போலத்தான் இருக்கும். பயந்து வைத்துவிடாதே. உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இது குடும்பத்தில் வரக்கூடியதாம். முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி என்றாயே, வேலைமேல் பழி போடாமல் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. நோய்நொடி அண்டாமல், மனசில் பாரமில்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும்.

உன் அம்மா