பிசிறு வெட்டிய இளவரசருக்கு

உயிரான என் அண்ணாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி, நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இத்தனை நாளும் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பெற்ற அத்தா இருக்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளலாமா? இதிலுமா உங்கள் பாரசீக இளவரசரைப் போலச் செய்ய வேண்டும்?

நீங்கள் கோயமுத்தூரில் காலேஜ் முடித்து வந்த நாளிலிருந்து நம் வீட்டில் அவர் கதைதானே! பட்டத்து இளவரசர், படைத்தளபதி. ரஷ்யாவோடு மோதித் தோற்றார். தோற்றதும் தலையில் கைவைத்து உட்காராமல், எதிரி எதனால் ஜெயித்தான் என்று தேடினார். தன் நாட்டுப் பிள்ளைகளைச் சீமைக்குப் படிக்க அனுப்பினார். புதுப் பயிற்சிக்கு வேற்று நாட்டு உடுப்பா என்று அவர் ஆட்கள் கூசியபோது, முதலில் தானே அதை மாட்டிக்கொண்டு துப்பாக்கி பிடித்தார். மறுபடியும் தோற்றார். அரியணை ஏறாமலே, தகப்பனுக்கு முன்னால் கண்ணை மூடினார். சாப்பிடும்போது நீங்கள் இதை ஆரம்பித்தால் அம்மா, "ரசம் ஆறுது கண்ணு, உன்ற ராசாவ அப்பறமா சண்டைக்கு அனுப்பு" என்பார்.

நம் பனியன் கம்பெனியில் நீங்கள் கேட்டது ஒன்றுதான். தைத்த பனியனில் நூல்பிசிறு வெட்டவும் மடிக்கவும் மட்டுமே இருந்த எங்களைப் போன்ற பெண்களும் மிஷினில் உட்கார்ந்து தைக்க வேண்டும். "அப்பப் பிசிறை நாங்க வெட்டறதுங்களா?" என்று டெய்லர்கள் சிரித்தார்கள். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு பாயில் உட்கார்ந்து கத்தரியை எடுத்தீர்கள். முதலாளி மகன்! முதல் நாளே மூன்று பனியனில் ஓட்டை. சாமளாபுரத்து ராசாத்தி அக்கா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

பிறகு ராசாத்தி அக்காவையும் என்னையும் மிஷினில் உட்கார வைத்தீர்கள். மறுநாள் டெய்லர்கள் அத்தனை பேரும் வேலைக்கு வராமல் வாசலில் நின்றார்கள். அவர்கள் முன்னால் அத்தா என்னைக் கேட்டார்: "நீயே சொல்லு கண்ணு. உனக்கு மிஷின் வேணுமா?"

அண்ணா, எனக்கு வேண்டும். உயிரே அதில்தான் இருந்தது. ஆனால் அத்தனை கண்ணும் என் மேல். "வேண்டாங்க அத்தா" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் திட்டவில்லை. சாயங்காலம், "ரெண்டாஞ் சண்டையும் போச்சு" என்று சிரித்தீர்கள். திட்டித் தொலைத்திருக்கலாமே! உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் நான் அதைப் பற்றி வாயெடுத்தபோதெல்லாம் பேச்சை மாற்றினீர்கள். மன்னித்துவிட்டீர்களா, இல்லை பேசவே பிடிக்கவில்லையா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

சேதிக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக நேற்றுக் காலை அத்தா கம்பெனிக்கு வந்தார். மூடிக்கிடந்த அந்த இரண்டு மிஷின்களின் துணியையும் எடுத்தார். மூத்த டெய்லர் எழுந்து, "ஏனுங்க முதலாளி, மறுபடியுமுங்களா? பிசிறு ஆருங்க வெட்டறது?" என்றார்.

அத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு மெல்லப் பாயில் உட்கார்ந்தார். நீங்கள் உட்கார்ந்த அதே இடம். உங்கள் கத்தரியை எடுத்தார். முதல் பனியனிலேயே ஓட்டை விழுந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலை நிமிராமலே கேட்டார்: "மிஷின் வேணுமா கண்ணு?"

"வேணுங்க அத்தா!"

தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன் அண்ணா. இரண்டு டெய்லர்கள் வெளியே போனார்கள். மற்றவர்கள் ராசாத்தி அக்காவோடும் என்னோடும் உட்கார்ந்து தைத்தார்கள். அழுதுகொண்டே தைத்ததில் என் தையல் எல்லாம் கோணல். அத்தா அதற்கும் பிசிறு வெட்டினார்.

அவர் ஓட்டை போட்ட பனியனை, உங்கள் மூன்றோடு சேர்த்து மடித்து வைத்திருக்கிறேன். இனி எவர் கேட்டாலும், எத்தனை பேர் முன்னால் கேட்டாலும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

ஒரு சொல்லால் உங்களைத் தோற்கடித்த
உங்கள் ஒரே தங்கை,
ஜுலைகா