திர்ஃபிஸ் மலையடியில் இருக்கும் அப்பாவுக்கு

என் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரிய அப்பா,

மூன்று வருடம் தாமதமாக எழுதுகிறேன். நேரமில்லை என்று சொன்னால் பொய். நேரம் இருந்தது, கோபமும் இருந்தது. இப்போதும் கோபம் தீர்ந்துபோய் எழுதவில்லை. உங்கள் எலும்புகளை என்ன செய்வது என்று நான் ஒருத்தியாக முடிவெடுக்க வேண்டி வந்தது. எடுத்த முடிவை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நான் எம்.ஏ. புவியியல் படித்தபோது கிரேக்கத்தின் இயற்கைப் பிரிவுகள் என்று ஒரு பாடம் இருந்தது. நடுவில் முதுகெலும்பு மாதிரி பிண்டஸ் மலைத்தொடர். அதற்கு மேற்கே எபிரஸ், கிழக்கே தெஸ்ஸலிச் சமவெளி, வடக்கே மாசிடோனியாவும் திரேஸும், தெற்கே அட்டிகா, அதற்கும் தெற்கே விரல்களை விரித்த கை மாதிரி பெலோபொனீஸ். நான் தூத்துக்குடி வீட்டில் உட்கார்ந்து வரைபடத்துக்குப் பழுப்பும் பச்சையும் தீட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அதே நிலத்தைச் சரக்குக் கப்பலில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பெலோபொனீஸின் தென்கோடியில் மலேயா முனையில் காற்று கப்பலையே திருப்பப் பார்க்கிறது என்று எழுதினீர்கள். சித்திரை மாதத்திலும் தைகெட்டோஸ் மலைமேல் பனி கிடக்கிறது என்று எழுதினீர்கள். ஏதோஸ் மலை கடலுக்குள்ளிருந்து நேராக எழுந்து நிற்கிறது, கோரிந்துக் கால்வாய் எங்கள் கப்பலுக்குப் பத்தாது, அதனால் பெலோபொனீஸ் முழுவதையும் சுற்றித்தான் போகிறோம் என்று எழுதினீர்கள்.

தோழிகளிடம் படித்துக் காட்டிப் பெருமைப்பட்டேன். பிறகுதான் உறைத்தது. கரையிலிருந்து பத்து மைல் உள்ளே இருக்கும் எதையும் நீங்கள் பார்த்ததே இல்லை. தெஸ்ஸலியில் தூண் தூணாக நிற்கும் மெட்டியோராப் பாறைகளைப் பார்த்தீர்களா என்று ஒரு முறை கேட்டு எழுதினேன். "அது உள்ள இருக்கும்மா, நமக்கு எங்க" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டையும் நீங்கள் அப்படித்தான் பார்த்தீர்கள், அப்பா. வெளியிலிருந்து, கடந்து போகும்போது.

என் கல்யாணத்துக்கு மூன்று நாள் தாமதமாக வந்தீர்கள். அதையும் மன்னித்தேன். நான் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, எடுப்பவர் காசு கட்டும் கலெக்ட் கால் ஒன்று வந்தது. "ராஜி, நான் ஹூஸ்டன்ல நிக்கேன். பக்கத்துலதாம்மா இருக்கேன். ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றீர்கள். எனக்கு வந்த எரிச்சலில், "அப்பா, முதல்ல மேப்பைப் பாருங்க. டெக்ஸஸ் எங்க, நியூ ஜெர்சி எங்க?" என்று கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். "அப்போ அடுத்த தடவை பக்கத்துல வாரேன்" என்றீர்கள். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உங்கள் குரல். உங்களுக்குப் புவியியல் பாடம் எடுத்ததுதான் நான் கடைசியாகப் பேசியது.

அடுத்த தடவை வரவில்லை. சரக்கு இல்லை என்று கம்பெனிக்காரர்கள் கப்பலை எவியா தீவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் அமைதியான வளைகுடாவில் கட்டிப்போட்டார்கள். இருபது பேரை ஊருக்கு அனுப்பிவிட்டு நாலு பேரைக் காவலுக்கு நிறுத்தினார்கள். யார் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கியது நீங்கள். "யாராவது ஒருத்தர் இருக்கணும்ல" என்று அம்மாவுக்கு எழுதினீர்கள். யாராவது ஒருத்தர் எங்களோடு இருக்க வேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? பேத்தி வித்யா பிறந்திருந்தாள். நீங்களோ எதிரே தெரியும் திர்ஃபிஸ் மலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். கூம்பு மாதிரி இருக்கிறது, மார்கழியில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொள்கிறது, தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன் என்று.

அந்தக் கப்பலிலேயே மாரடைப்பு. அந்த நாட்டில் எரிக்கும் வழக்கம் இல்லையாம், உடலை அனுப்ப மாதக்கணக்கில் ஆகுமாம். அண்ணன் அங்கேயே புதைக்கச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. சொல்லக்கூட இல்லை. வித்யாவின் முதல் பிறந்தநாள் வருகிறது, ராஜி பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள், விழா முடியட்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள். என் கணவருக்கும் தெரியும். நீங்கள் இறந்த ஒன்பதாம் நாள் நான் பாயசம் வைத்தேன், அப்பா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அபார்ட்மெண்ட் ஆன்ட்டிகளுக்கெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்தேன். அந்தப் போட்டோக்களில் என்னைச் சுற்றி நிற்பவர்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். அந்த ஆல்பத்தை நான் திறப்பதே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன் அண்ணனிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே கிரேக்க மொழியில் டைப் அடித்த ஒரு தாள். கப்பல் ஏஜென்ட் வழியாகச் சுற்றித் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது. "அங்க யாராவது படிப்பாங்க, என்னன்னு பாரு" என்று அண்ணன் ஒட்டுத்தாளில் எழுதியிருந்தான்.

எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே டைனர் என்று ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அதை நடத்துகிற எலேனி கிரேக்கக்காரி, அறுபது வயதிருக்கும். வித்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எவியாவிலிருந்து வந்த கடிதம் என்று நீட்டினதும் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

"எவியாவா? நான் எபிரஸ் மலைக்காரி. எங்க ஊர்ல விகோஸ்னு ஒரு பள்ளத்தாக்கு உண்டு. மேலேருந்து கல்லைப் போட்டா விழுற சத்தம் கேக்காது. எவியாவுக்கு நான் போனதே இல்லை. என் பல் டாக்டர் பாம்பேக்காரர். அவரை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ என்கிட்ட ஏன் வந்த?" என்று சொல்லிக்கொண்டே படிக்க ஆரம்பித்தாள். படித்து முடித்ததும் கடிதத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"யார் இது?"

"எங்க அப்பா."

"மூணு வருஷம் முடிஞ்சுது. எங்க நாட்டுல கல்லறையில இடம் கம்மி. மூணு வருஷம் ஆனதும் தோண்டி எலும்பை எடுத்துடுவாங்க. சொந்தக்காரங்க வந்து வாங்கிக்கணும். இந்த மாசக் கடைசிக்குள்ள வரச் சொல்றாங்க."

"வரலைன்னா?"

"பொதுக் குழி ஒண்ணு இருக்கும். மத்தவங்களோட சேத்துப் போட்டுடுவாங்க." என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. "ஏன் இப்படிப் பாக்குற? எங்க அம்மாவை நான்தான் எடுத்தேன். கையால எடுத்து, ஒயின்ல கழுவி, பெட்டியில வெச்சேன். பொண்ணுங்கதான் செய்வோம்."

"மம்மி, மோர் ஃப்ரைஸ்" என்றாள் வித்யா. எலேனி ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். லைனில் நான் சொன்னது எனக்கே திரும்பிக் கேட்டது.

"உனக்குத்தான ராஜி பக்கம்? அமெரிக்காலேருந்து ஒரு பிளைட்டு ஏறினா ஆச்சு."

"எனக்கு ஒரு சமுத்திரத்தைத் தாண்டணும். நீ போயேன் அண்ணா."

"எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதே. இங்க பாரு, தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சு, தாமிரபரணில கரைச்சாச்சு. அம்மா வருசா வருசம் திதி கொடுக்கச் சொல்லுதாங்க. இப்ப எலும்புன்னு போய் நின்னா அம்மா தாங்குவாங்களா? அங்க யாரையாவது வச்சுக் கடல்ல போட்டுரச் சொல்லு. கடல்லயே கெடந்த மனுசன்தான" என்றான்.

மறைப்பதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல பழக்கம். இந்த எலும்பு விஷயத்தை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

என் கணவர் லாயரிடம் கேட்டார். எங்கள் கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் இந்த நாட்டை விட்டு வெளியே காலை வைத்தால் ஃபைலை மூடிவிடுவார்களாம். அனுமதிக்கு அப்ளை பண்ணினால் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

"ஆறு வருஷம் வெயிட் பண்ணியிருக்கோம் ராஜி" என்றார்.

"எலும்பு வெயிட் பண்ணாது."

"போகாதேன்னு நான் சொல்லலை. யோசிச்சுச் சொல்லு. வித்யாவுக்கு வீஸிங் வேற. நீ திரும்பி வர முடியலைன்னா அவளை யார்கிட்ட விடறது?"

யோசித்தேன். எல்லாப் பிரிவுகளும், எல்லா மலைகளும் மனப்பாடமாகத் தெரிந்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தீவை வரைவேன். அங்கே போவதற்கு எனக்கு வழியில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வழி இருந்தது, அப்பா. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நான் கிளம்பவில்லை. மூச்சு இழுக்கும் பிள்ளையின் பக்கத்தில் ஒருத்தி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நீங்கள் கப்பலுக்குச் சொன்ன அதே காரணத்தை நான் வீட்டுக்குச் சொன்னேன். இதில் உங்களைத் திட்டிய வாய்க்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

எலேனியிடம் போய், வர முடியாது என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. அவளுடைய மருமகளின் அத்தை சோஃபியா ஹல்கிடாவில் இருக்கிறாளாம். எவியாவும் தரையும் தொட்டுக்கொள்கிற மாதிரி நெருங்கும் ஊர் அது. அங்கிருந்து உங்கள் கல்லறை இருக்கும் மலைக்கிராமம் ஒரு மணி நேரம். நான் ஒரு காகிதத்தில் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு கிழவி, மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, பஸ் ஏறிப் போய் உங்களை எடுத்தாள்.

அன்று மத்தியானமே எலேனி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஒயினில் கழுவினார்களாம். குடியைத் தொட்டதே இல்லை என்று அம்மாவிடம் எத்தனை முறை சத்தியம் செய்திருப்பீர்கள்? கல்லறைமேல் உங்கள் பெயரோடு ஒரு மரச்சிலுவை இருந்ததாம், அதையும் சோஃபியா துடைத்து வைத்தாளாம். "எலும்பு சுத்தமா, மஞ்சளா இருந்துச்சுன்னு சொன்னா. எங்க ஊர்ல அப்படி இருந்தா நல்ல மனுஷன்னு அர்த்தம்" என்றாள் எலேனி. நான் அழுவேன் என்று காகிதக் கைக்குட்டையைக் கூட எடுத்து வைத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நல்ல மனுஷன்தான். எந்த ஊருக்கு, எந்தக் கப்பலுக்கு, எந்த மலைக்கு?

அப்புறம் அவள் கேட்டாள்: "தண்ணியில விடறதுதானே உங்க வழக்கம்? சோஃபியா செய்யறேன்னு சொல்றா. ஹல்கிடாப் பாலத்துக்குக் கீழ ஓடற கடல்ல. யாருக்கும் தெரியாது. பெட்டியை இப்போ அவ வீட்டுலதான் வெச்சிருக்கா, உன் பதிலுக்குக் காத்துக்கிட்டு."

எவ்ரிப்பஸ் ஜலசந்தி. பாடத்தில் வந்தது. ஒரு நாளில் பல தடவை அந்த நீரோட்டம் திசை மாறும். காலையில் வடக்கே இழுக்கும், மத்தியானம் தெற்கே இழுக்கும், சில நாட்களில் எந்தக் கணக்குக்கும் அடங்காது. அதில் விட்டால் நீங்கள் எந்தப் பக்கம் போனீர்கள் என்று எனக்கு யார் சொல்வது? அண்ணனுக்கு அது முடிந்த வேலை. அய்யருக்கும் அதுதான் முறை. உங்களுக்குக்கூட அதுதான் பிடித்திருக்கும்.

"வேண்டாம். கடல்ல மட்டும் வேண்டாம்" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறதாம். சுவரெல்லாம் அலமாரி, அலமாரி நிறையப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அங்கே வைக்கச் சொல்லிவிட்டேன். வைத்தாகிவிட்டது. ஜன்னல் திர்ஃபிஸ் பக்கம் என்று சோஃபியா சொன்னாளாம். அதற்காக நான் அந்த இடத்தைச் சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன். நாலு வயசுக்கு என்ன புரியும் என்று இவர் கோபித்துக்கொண்டார். அவள் கேட்டது இதுதான்: "ஹூ இஸ் டேக்கிங் கேர் ஆஃப் ஹிம்?"

நான் வருவேன், அப்பா. கார்டு கைக்கு வந்ததும் வருவேன், இவளையும் கூட்டிக்கொண்டு. கப்பலிலோ படகிலோ இல்லை. ஏதென்ஸில் இறங்கி, அட்டிகாவைத் தரைவழியாகக் கடந்து, பர்னிதா மலை இடது பக்கம் வர, பாலம் ஏறி, அந்தக் கிராமம் வரைக்கும் மண்ணிலேயே வருவேன். கரையிலிருந்து உள்ளே இருப்பது என்ன என்று இவளுக்குக் காட்டுவேன். வந்து முதலில் சண்டைதான் போடுவேன், மிச்சமெல்லாம் அப்புறம். எத்தனை வருடம் ஆகும் என்று எனக்கே தெரியாது. நாங்கள் உங்களுக்காகக் காத்திருந்தது போதும். இந்த ஒரு தடவை நீங்கள் காத்திருங்கள்.

வித்யாவின் அம்மாவும்,
உங்கள் மகளுமான
ராஜி