அக்கா பருத்தி

ஜூலை 9

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆராய்ச்சி நிலையத்தில் மின்விசிறி ஓடும், நீயும் நலமாகத்தான் இருப்பாய்.

உன் பேச்சைக் கேட்டு மரபணு மாற்றிய பருத்தி போட்டேன். "செடியிலேயே புழுவுக்கு விஷம் இருக்குடா, கடிச்சா செத்துடும்" என்றாய். கடித்த புழு இங்கே கொழுத்துக்கொண்டிருக்கிறது. காயைப் பிளந்தால், கதவைச் சாத்து என்பதுபோல் பார்க்கிறது. பக்கத்து வயல்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு, "உங்க அக்கா புழுவுக்காகப் படிச்சாங்களா?" என்று கேட்கிறார். இனி நீ சொல்லி ஒரு வெண்டைக்காய்கூடப் போட மாட்டேன்.

தம்பி

ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் நியாயம்தான். மழுப்பாமல் ஒன்று சொல். பருத்திக்குக் கடைசியாக எப்போது தண்ணீர் விட்டாய்?

அக்கா

ஜூலை 20

அக்காவுக்கு,

மழையைக் கண்டு எத்தனையோ நாளாயிற்று. கிணற்றுத் தண்ணீர் ஒரு வயலுக்குத்தான் வரும். பருத்தி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் என்று நீதானே சொன்னாய்? அதனால் அவ்வளவு தண்ணீரையும் தர்பூசணிக்கு விட்டேன். தர்பூசணி நன்றாக இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

தம்பி

ஜூலை 26

அன்புத் தம்பிக்கு,

தலையில் அடித்துக்கொண்டேன். புழுவிடமிருந்து காப்பாற்றும் என்றேன், வறட்சியிலிருந்து என்றா சொன்னேன்? அந்த விஷத்தைச் செடிதான் தயாரிக்க வேண்டும். தாகத்தில் வாடினால் தயாரிப்பு குறையும் என்பது என் சந்தேகம். அரைகுறை விஷம் தின்ற புழு பிழைத்துக்கொள்ளும்.

வெட்கத்தை விட்டு ஓர் உதவி கேட்கிறேன். இதைத்தான் இரண்டு வருடமாகத் தொட்டியில் நிரூபிக்கப் பார்க்கிறேன். ஒன்று செடி சாகிறது, இல்லையென்றால் புழு சாகிறது. "வயல்ல காட்டுங்க, இல்லேன்னா ஆராய்ச்சிய மூட்டை கட்டுங்க" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். பருத்திக்கு உடனே தண்ணீர் விடு. ஓரத்தில் ஒரு சின்னப் பாத்தியை மட்டும் எனக்காகக் காயவிடு. ஆகஸ்ட் பத்தாம் தேதி இரண்டிலும் இலை பறித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்பு. நான் வர முடியாது, வேலை.

அக்கா

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

நீ எப்போது வந்திருக்கிறாய்?

தர்பூசணிக்கு நிறுத்திப் பருத்திக்குத் தண்ணீர் விட்டாயிற்று. உன் பாத்தி பாதையோரம் இருக்கிறது. போகிறவர்கள் நின்று துக்கம் விசாரிக்கிறார்கள். மானம் போகிறது. "அக்கா பருத்தி" என்று பலகை எழுதி நட்டுவிட்டேன். திட்டுகிறவர்கள் ஆளறிந்து திட்டட்டும்.

தம்பி

ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

பெட்டியில் இலைகள் இருக்கின்றன. தண்ணீர் குடித்த பக்கம் புதுக் காய்களில் புழு குறைந்திருக்கிறது. உன் பாத்தியில் இன்னும் விருந்துதான். சந்தோஷப்பட்டுக்கொள்.

நேற்று மாலை மழை கொட்டியது. ஊரே வெளியே வந்து நனைந்தது. நாங்கள் மட்டும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உன் பாத்திக்கு ஓடினோம். ஒரு மூலையில் நான், ஒரு மூலையில் என் மனைவி, இன்னொன்றில் என் மாமியார். பக்கத்து வயல்காரர் வேலிக்கே வந்துவிட்டார்.

"மழையையா மறைக்கிறீங்க?"

"எங்க அண்ணி செடி, நனையக்கூடாதாம்" என்றாள் என் மனைவி.

"சரிதான், குடும்பமே படிச்சிருக்கு!"

ஒரு சொட்டு விழவிடவில்லை. நாலாவது மூலைக்கு ஆளில்லாமல் உன் பலகையில் கட்டினோம். காற்றில் அது சாய்ந்துவிட்டது. வந்து நிமிர்த்திவிட்டுப் போ.

உனக்கென்று ஒரு தர்பூசணி எடுத்து வைத்திருக்கிறேன். அது பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தாலும் அனுப்ப மாட்டேன்.

தம்பி