காம்பஸ் முள்ளும் என் சைகோன் அனுபவமும்

1936 மாசி, சனிக்கிழமை. வில்லியனூர்.

இப்படி ஆகும்னு நான் அப்பவே சொன்னேன். மச்சினன் தேவராசு வெல்லக் கொட்டகையில் கட்டும் விமானத்தில் இன்று விளக்கு ஒயரை காம்பஸை ஒட்டி இழுத்து முடித்தான். விளக்கைப் போட்டதும் காம்பஸ் முள் வடக்கை விட்டுத் திரும்பிவிட்டது. இதை நம்பிப் பறந்தால் பாகூருக்குப் போகிறவன் கடலில்தான் இறங்குவான்.

"இன்னா மாமா செய்யறது?" என்றான்.

"போற ஒயரையும் வர்ற ஒயரையும் கயிறாட்டம் முறுக்குடா. சைகோன்ல எல்லா விமானத்துலயும் அப்படித்தான்."

முறுக்கினான். மறுபடி விளக்கைப் போட்டோம்; முள் வடக்கை விட்டு அசையவில்லை. ஊரே கைதட்டியது. ஊர் என்றால் அவனும் நானும்.

நாளைக் காலையில், வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயை எந்த வழியாக விடுவது என்று கேட்பான். சைகோனில் நான் விமானத்தைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஒயரை முறுக்கச் சொன்னதுகூட அப்போது வாயில் வந்ததுதான்.