அப்பா உபயம் செய்த விதி

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
வியாழக்கிழமை.

தம்பி ராஜதுரைக்கு, அக்கா செல்வராணி எழுதுவது.

போன வருஷம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "விதின்னு ஒண்ணு இருக்கு. அந்த விதியப் பத்தி எழுதி வைக்க இன்னொரு விதியா? ரிட்டயர் ஆயும் ஒனக்குப் பொழுது போகல, எக்கா" என்றாய். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். இன்றைக்குப் பதில் எழுதுகிறேன்; சிரிப்பு வரவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், பக்கத்து வீட்டு கிருபை டீச்சர் சுவரோரம் வந்து நின்று கேட்பாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நம் கருப்பட்டி வியாபாரிகள் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏகப்பட்ட விதிகள் கிடக்கின்றன. ஒரு சரக்கின் விவரத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் விதிகள். எந்த ஊர்ப் பனை, எப்போது காய்ச்சியது, ஈரப்பதம் எவ்வளவு என்பதையெல்லாம் உடன்குடியில் மூட்டை கட்டுகிறவரும், துறைமுகத்தில் ஏற்றுகிறவரும், வெளிநாட்டில் வாங்குகிறவரும் ஒரே மாதிரிப் புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? அதற்காக. ஆனால் இத்தனை விதிகளில் எதை எடுப்பது என்று புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது? அதனால்தான் ஒவ்வொரு விதியின் தலையிலும் சில விவரங்கள் எழுதுகிறோம். இதன் பெயர், எதைப் பற்றியது, யார் வெளியிட்டது, எந்தத் தேதி முதல், இப்போது செல்லுமா, செல்லாது என்றால் அதற்குப் பதில் எது. இதற்கென்று உலகம் முழுவதும் பொதுவான சொற்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். மெட்டாடேட்டா என்று நீங்கள் கேலி செய்தது அதைத்தான். அந்தச் சொற்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான். தேடுகிற இயந்திரம் விதி முழுவதையும் படித்துப் பார்ப்பதில்லை, துரை. தலையில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறது.

நம் பக்கத்து மினி பஸ்ஸை நினைத்துக்கொள். முன் கண்ணாடி முழுக்க முதலாளி பிள்ளைகளின் பெயர். எந்த ஊருக்குப் போகிறது என்பது டிரைவரின் முட்டிக்குக் கீழே ஒரு சின்னப் பலகையில் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குக் கவலையில்லை, ஹாரன் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வெளியூர்க்காரி ஏறி உட்கார்ந்து வேறெங்கோ இறங்கி நிற்பாள். நம் சங்கத்தில் சேர்ந்து கருப்பட்டி ஏற்றுமதி செய்கிற சீனித்தாய் அப்படித்தான் இறங்கி நிற்கிறாள்.

'வெளியிட்டவர்' என்ற இடத்தில், அந்த விதிக்குப் பொறுப்பு ஏற்கிறவரின் பெயர் வர வேண்டும். அதாவது சங்கத்தின் பெயர். நீங்கள் எல்லாரும் சேர்ந்து அங்கே, செலவுக்குப் பணம் கொடுத்தவர் பெயரை உபயம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கோவில் டியூப்லைட்டில் எழுதிப் பழகிய கை, வெளிச்சம் வராவிட்டாலும் பெயர் தெரிய வேண்டும். ஈரப்பதத்துக்கான பழைய விதிக்கு நேரே 'உபயம்: வீரபாகு'. நம் அப்பா. போன வருஷம் வந்த புது விதிக்கு நேரே 'உபயம்: லிங்கராஜ்'. அந்தப் புது விதிக்கு வைத்த பெயர் 'திருத்திய படிவம் இரண்டு'. எதைப் பற்றியது என்ற இடம் காலி. கருப்பட்டி என்ற சொல்லே அதன் தலையில் எங்கும் இல்லை. யார் தேடினால் கிடைக்கும்?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நீ தெரியாதவன் போலப் பேசினாய். பழைய விதியில் ஈரப்பதம் ஒரே எண். மூட்டை கட்டிய நாளில் அளந்தது. புது விதியில் இரண்டு எண்கள். கட்டிய நாளில் ஒன்று, கப்பலுக்கு ஏற்றும் நாளில் ஒன்று. கருப்பட்டி கடல் காற்றில் நீர் வாங்கும், துறைமுகத்துக் கொட்டகையில் நான்கு நாள் கிடந்தால் அதே மூட்டை வேறு மூட்டை. சீனித்தாய் நம் இணையப் பக்கத்தில் தேடினாள். முதலில் வந்தது அப்பா விதி. அதன்படி ஒரே எண் எழுதினாள். வாங்குகிறவர்கள் அதை ஏற்றும் நாளின் எண்ணாக எடுத்துக்கொண்டார்கள். துறைமுகத்தில் அளந்தபோது ஈரம் கூடுதல். பொய்க் கணக்கு என்று சொல்லி மொத்தச் சரக்கையும் திருப்பிவிட்டார்கள். சங்கமும் அதையே சொல்லுகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை நீக்கப் போகிறீர்கள். சங்கத்தில் இல்லாதவள் கருப்பட்டியை யார் கப்பலில் ஏற்றுவார்கள்? ஐந்து ஊர்ப் பெண்கள் அவளை நம்பிக் காய்ச்சுகிறார்கள்.

போன ஞாயிறு கூட்டத்தில் நடந்ததை நீ சென்னையிலிருந்து ஸ்பீக்கர் போனில் கேட்டாய். கேட்டது பாதிதான் என்பதால் மீதியை எழுதுகிறேன். நான் எழுந்து நின்றதும், கூட்டத்தை நடத்திய லிங்கராஜ் அண்ணாச்சி, "டீச்சரம்மா, இங்கன பள்ளிக்கூடம் இல்ல, உக்காருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் போனில் சிரித்தாய். பிறகு நீ, "படிச்சுப் பாக்காம எழுதிப் போட்டா சங்கமா பொறுப்பு?" என்றாய். சீனித்தாய் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "படிச்சுதான் அண்ணாச்சி போட்டேன். நீங்க மொதல்ல வச்சதப் படிச்சேன்." உடனே போன் கட்டாகிவிட்டது என்று லிங்கராஜ் அண்ணாச்சி சொன்னார். கட்டாகவில்லை. உன் கடையில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளியே வரும்போது அவள் அழவில்லை. "சரக்கத் திருப்புனா திருப்பட்டும் டீச்சர். பொய்க்காரின்னு எழுதி வைக்காதீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் என்ன கேட்டேன் உன்னிடம்? அப்பா விதியின் தலையில் 'விலக்கப்பட்டது' என்று ஒரு சொல். எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு வரி. அதற்குப் பதில் எது என்று இன்னொரு வரி. மூன்று தடவை எழுதி அனுப்பினேன். தலைவரான உன் சம்மதம் இல்லாமல் இணையப் பக்கத்தில் ஏறாது. மூன்று தடவையும் திருப்பிவிட்டாய். பிறகு வாய்ஸ் மெசேஜ்: "அப்பா பேருக்குப் பக்கத்துல விலக்கப்பட்டதுன்னு போடச் சொல்லுத. நீயெல்லாம் ஒரு மவளா? இனிமே என் கடை வாசல மிதிக்காத." மிதிக்கவில்லை. உன் கடையில் எனக்கு வாங்க ஒன்றுமில்லை. சங்கத்து வாட்ஸப் குழுவில் அதையே யாரோ எழுதினார்கள், அப்பன் பேரை அழிக்கிற மகள் என்று. நீ படித்தாய். அதற்குக் கீழே நான் எழுதியதற்கு இரண்டு நீல டிக் விழுந்தது. ஒரு வார்த்தை மறுத்து எழுதவில்லை.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிறார்கள். அதைக் கண்டு கம்பெனிக்காரன் கோபிக்கிறானா? உன் சர்க்கரை மாத்திரையையே நீ தேதி பார்த்துத்தானே விழுங்குகிறாய்? (ஒழுங்காக விழுங்குகிறாயா? உன் மகள் இந்துமதி இல்லை என்கிறாள்.) விலக்கப்பட்டது அப்பா இல்லை, துரை. ஒரு விதி. அது வந்த காலத்தில் சரியாக இருந்தது, அதற்காகத்தான் அப்பா பணம் கொடுத்தார். இப்போது அது அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஆள்களைக் குழியில் தள்ளுகிறது. பழைய சரக்கை முன்னால் வைத்துத் தள்ளிவிடுவது கடைப் பழக்கம். அரிசி பருப்புக்குச் சரி. இதற்குச் சரியில்லை.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை இந்துமதி பேசினாள். திரும்பி வந்த சரக்கு முழுவதையும் நீயே கடைக்கு எடுத்துக்கொள்வாய், விஷயத்தை நான் விட்டுவிட வேண்டும் என்று தூது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. சீனித்தாயிடம் இதை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் உன்னை மன்னித்துவிடுவாள், அந்தக் குணம் அவளுக்கு உண்டு. சரக்குக்கு விலை கொடுத்துவிட்டு ஆளுக்குப் பொய்க்காரி பட்டம் கொடுப்பது என்ன நியாயம்? நாளைக்கு இன்னொருத்தி தேடுவாள். அவளுக்கும் முதலில் அதே விதிதான் வரும். அவள் சரக்கையும் வாங்கிக்கொள்வாயா?

இங்கே இரண்டு நாளாக மழைக் காற்று. முழங்கால் வலிக்கிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை உடன்குடிக்கு பஸ் ஏறுவேன். கூட்டத்தில் சீனித்தாய்க்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். நீ போனில் என்ன பேசினாலும் எல்லார் முன்னாலும் பதில் சொல்வேன். அக்கா என்று பார்க்காதே. நானும் தம்பி என்று பார்க்க மாட்டேன். அதற்கு முன் உனக்கு ஒரு முழு நாள் இருக்கிறது. இதைக் கூரியரில் அனுப்புகிறேன், சனிக்கிழமை காலை உன் கையில் இருக்கும்.

உனக்கும் இந்துமதிக்கும் எந்தக் குறையும் வராமல் செந்திலாண்டவன் காக்கட்டும். கோபத்தில் எழுதினாலும் இது மனசறிந்து எழுதியதுதான்.

சனிக்கிழமை கடை அடைத்ததும் ஒன்று செய். சங்கத்துப் பக்கத்தைத் திறந்து போனை இந்துமதி கையில் கொடு. கருப்பட்டி ஏற்றுமதிக்கு ஈரப்பதம் எப்படி எழுத வேண்டும் என்று அவளையே தேடச் சொல். நீ வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் எதைத் தொடுகிறது என்று மட்டும் பார்.

அன்புடன்,
உன் அக்கா,
செல்வராணி.